முயல்கள் மேய்ந்த மணல்வெளி: கொல்ஃப் சொல்லும் பொது நிலத்தின் கதை

கொல்ஃப் என்றதும் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றுதான். சீராக வெட்டப்பட்ட புல்வெளி, வெண்ணிறக் காலணி அணிந்த கனவான், அவருடைய பையைச் சுமந்து பின்னே செல்லும் பணியாள், வாயிலில் ஒரு காவலாளி. கல்முனை முதல் பொத்துவில் வரை நீளும் கரையோர ஊர்களில் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் அறியாத சிறுவனைக் காண்பதரிது. ஆனால் கொல்ஃப் மட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது நமக்குரிய விளையாட்டு அன்று என்பது இங்கு எழுதப்படாத தீர்ப்பாகவே நிலைத்துவிட்டது.

வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. இந்த விளையாட்டு மாளிகைத் தோட்டத்தில் பிறக்கவில்லை. உழவுக்கும் உதவாத, வீடு கட்டவும் ஏற்காத கடற்கரை மணல்வெளியில், ஆடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் துணி வெளுப்பவரும் புழங்கிய பொதுத் தரையில் அது வளர்ந்தது. அந்தத் தரையை ஒரு சிற்றூர் மக்கள் இழந்ததும், பல தலைமுறைகள் காத்திருந்து மீட்டதும் கொல்ஃபை அறியாதவரும் அறிந்துகொள்ள வேண்டிய கதையாகும். கடலை முற்றமாகக் கொண்ட நமக்கு அதில் பாடம் உண்டு என்பதாலேயே இதனை எழுத முற்பட்டேன்.

மணல் வடித்த மைதானம்

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபைஃப் என்னும் பகுதியில் சென்ட் அன்ட்ரூஸ் என்ற சிறு நகரம் உள்ளது. அதன் ஒரு புறம் வடகடல். மறுபுறம் ஈடன் ஆற்றின் கழிமுகம். இரண்டுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மணல்வெளியில்தான் உலகின் மிகப் பழைய கொல்ஃப் மைதானமாகக் கருதப்படும் 'ஓல்ட் கோர்ஸ்' அமைந்திருக்கிறது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட இத்தகைய மேடுபள்ளமான மணற்பாங்கை ஸ்கொட்லாந்து மக்கள் 'லிங்க்ஸ்' என்று அழைத்தனர்.

இந்த நில அமைப்பு நமக்குப் புதியதன்று. கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய மணல் நாடாவொன்றில்தான் மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அங்கே குட்டையான புல்லும் முட்செடியும் மணலைக் கட்டிப் பிடிக்கின்றன. இங்கே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் அந்த வேலையைச் செய்கின்றன. அலை ஒதுக்கும் மணலைக் காற்று உள்ளே தள்ளுகிறது. செடி அதைத் தடுத்து நிறுத்துகிறது. தடுத்த இடம் மேடாகிறது. தடுக்காத இடம் பள்ளமாகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படிக் காற்றும் செடியும் மணலும் இழுபறிப்பட்டதன் விளைவே அந்த மைதானத்தின் வடிவம்.

'பங்கர்' என்றதும் போர்க்காலத்தைக் கண்ட நம் தலைமுறைக்குப் பதுங்குகுழிதான் நினைவுக்கு வரும். கொல்ஃபில் அச்சொல் மைதானத்தின் நடுவே வாய் பிளந்து கிடக்கும் மணற்குழியைக் குறிக்கும். கடற்காற்றுக்கு அஞ்சிய ஆடுகள் மேட்டின் மறைவில் ஒண்டிப் படுத்துப் படுத்துப் புல்லைத் தேய்த்ததால் வெளிப்பட்ட மணலே பின்னர் இக்குழிகளாயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். ஓல்ட் கோர்ஸில் இத்தகைய குழிகள் 112 உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஊரார் பெயரிட்டிருக்கின்றனர். 14ஆவது குழிக்குச் செல்லும் வழியிலுள்ள, ஆள் உயரத்தையும் விஞ்சிய மணற்பள்ளத்துக்கு 'நரகம்' என்றே பெயர்.

வேறு விசித்திரங்களும் உண்டு. பொதுவாக 18 குழிகளுக்கு 18 பசும்புல் திடல்கள் இருக்கும். இங்கோ 11 மட்டுமே. ஏழு திடல்கள் மிகப் பரந்தவை. போகும்போது ஒரு குழியும் திரும்பும்போது மற்றொரு குழியும் ஒரே திடலில் அமைந்திருக்கும். அந்த இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். 17ஆவது குழியில் ஆட்டக்காரர் பந்தை ஒரு ஹோட்டல் கட்டடத்தின் மூலைக்கு மேலாகவே அடிக்க வேண்டும். திடலை ஒட்டி ஒரு தெருவும் அதற்கப்பால் ஒரு கல்மதிலும் இருக்கின்றன. பந்து தெருவில் விழுந்தால் கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்பது விதி.

1978ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பகிரங்கச் சுற்றுப் போட்டியில் ஜப்பானிய வீரர் டொமி நகஜிமா இந்த 17ஆவது திடலில் உருட்டிய பந்து சரிவில் இறங்கி அருகிலிருந்த மணற்குழிக்குள் விழுந்தது. அதிலிருந்து மீள அவர் பட்ட பாட்டில் அந்தக் குழிக்கு மட்டும் 9 அடிகள் செலவாயின. 1921இல் அமெரிக்கரான பொபி ஜோன்ஸ் 11ஆவது குழியருகே மணலில் சிக்கித் தவித்து, போட்டியையே கைவிட்டுச் சென்றார். அதே ஜோன்ஸ் 1927இல் அதே மைதானத்தில் வென்றார். 1958இல் அந்நகரம் தன் கௌரவக் குடியுரிமையை வழங்கியபோது, பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குப் பின் அதைப் பெற்ற முதல் அமெரிக்கராக அவர் ஆனார். கரடுமுரடான நிலம் ஒருவனை அவமானப்படுத்தலாம்; பழகியவனுக்கு அதுவே பெருமை தரும்.

சாசனமும் முயல்களும்

1457இல் ஸ்கொட்லாந்தின் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துப் பாராளுமன்றம் உதைபந்தையும் கொல்ஃபையும் தடை செய்தது. இளைஞர் வில்வித்தையை மறந்து பந்தின் பின்னால் அலைந்தனர் என்பதே காரணம். நாட்டின் பாதுகாப்புக்கே இடையூறு என்று அரசு அஞ்சும் அளவுக்கு அது வெகுசனப் பொழுதுபோக்காக இருந்தது என்பதற்கு இத்தடையே சான்று.

அடுத்த நூற்றாண்டில்தான் நம் கதைக்குரிய ஆவணம் தோன்றுகிறது. 1552இல் பேராயர் ஜோன் ஹமில்டன் மணல்வெளியின் ஒரு பகுதியில் முயல் வளர்க்க விரும்பினார். அதற்கு நகர மக்களின் இசைவு தேவைப்பட்டது. அவர்கள் இசைந்தனர், ஆனால் வெறுங்கையோடு இசையவில்லை. கொல்ஃபும் உதைபந்தும் ஆடவும், வில் பயிலவும், கால்நடை மேய்க்கவும் ஊராருக்குள்ள உரிமை அந்தச் சாசனத்திலேயே எழுத்தில் உறுதி செய்யப்பட்டது. முயலுக்கு இடம் கொடுத்தபோதே தமக்குரிய இடத்தையும் எழுதி வாங்கிக்கொண்ட அவர்களின் முன்யோசனை வியப்புக்குரியது.

அதன் பின் சுமார் 250 ஆண்டுகள் அந்த வெளி பலருக்கும் பயன்பட்டது. மீனவர் வலை உலர்த்தினர். பெண்கள் ஓடையில் துணி துவைத்துப் புல்லில் விரித்தனர். 19ஆம் நூற்றாண்டின் ஆட்டவிதிகளில்கூட, பந்து துணியின் மேல் விழுந்தால் துணியை மெல்ல இழுத்துவிட்டு ஆடலாம் என்றும், சலவைத் தொட்டி இடையூறாக இருந்தால் அதனை நகர்த்தலாம் என்றும் இடம் கொடுத்திருந்தனர். துணியை அகற்று என்று சொல்லாமல், துணியோடு எப்படி ஆடுவது என்று விதி எழுதிய பண்பு கவனிக்கத்தக்கது. இன்றும் 1ஆவது, 18ஆவது குழிகளுக்குரிய வெளியின் குறுக்கே ஒரு பொதுப்பாதை செல்கிறது. பாதசாரிகள் கடந்து போகும் வரை ஆட்டக்காரர் காத்திருக்கின்றனர்.

உலகெங்கும் இன்று 18 குழிகள் என்ற கணக்கு நிலைத்திருப்பதும் இந்த மைதானத்தால்தான். முன்பு அங்கே ஒரு சுற்று 22 குழிகளாக இருந்தது. 1764இல் தொடக்கத்திலிருந்த நான்கு குட்டைக் குழிகளை இரண்டாக இணைத்தனர். போகும்போதும் வரும்போதும் அவையே ஆடப்பட்டதால் மொத்தம் 18 ஆயிற்று.

சோதனை 1797இல் வந்தது. கடனில் மூழ்கிய நகர சபை மணல்வெளியை விற்றது. விற்பனைப் பத்திரத்தில் கொல்ஃப் ஆடும் உரிமைக்கு விலக்களிக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆயினும் 1799இல் அந்நிலம் டெம்ஸ்டர் குடும்பத்து வணிகர்களின் கைக்கு மாறியது. அவர்கள் முயல் பண்ணை வைத்தனர். முயல்கள் பெருகித் தரையைக் குடைந்தன, ஆடுகளம் சல்லடையாயிற்று. பேராயரின் முயல்களோடு இணங்கி வாழ்ந்த ஊர், வணிகரின் முயல்களோடு போர் தொடுத்தது. ஆட்டக்காரர்கள் பணம் திரட்டி வழக்காடினர். ஊரார் முயல்களை அடித்துக் கொன்றனர். வழக்கு ஸ்கொட்லாந்து நீதிமன்றத்திலிருந்து லண்டன் பிரபுக்கள் சபை வரை சென்றும் தெளிவான முடிவு கிட்டவில்லை. 1821இல் அயல் நிலக்கிழாரும் கொல்ஃப் ஆர்வலருமான ஜேம்ஸ் சீப் அந்நிலத்தை வாங்கி முயல்களை அகற்றிய பின்னரே 'முயல் போர்' ஓய்ந்தது.

ஆட்டம் காப்பாற்றப்பட்டது, நிலமோ தனியார் உடைமையாகவே இருந்தது. ஒரு நல்ல மனிதரின் தயவில் கிடைக்கும் இடம் அவருடைய வாரிசின் மனமாற்றத்தோடு போய்விடக்கூடும் என்பதை ஊர் உணர்ந்திருந்தது. 1894இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்றி நகர சபை மணல்வெளியைத் திரும்பப் பெற்றது. விற்ற நிலத்தை மீட்க ஏறத்தாழ 100 ஆண்டுகள் பிடித்தன. 1974 முதல் அதனை ஒரு பொது நம்பிக்கைப் பொறுப்பு நிர்வகிக்கிறது. மைதானத்தின் முதலாம் குழியை நோக்கி நிற்கும் பிரசித்தி பெற்ற கழகக் கட்டடத்தைப் பார்த்து, மைதானமே அக்கழகத்துக்குச் சொந்தம் என்று பலர் எண்ணுவதுண்டு. 1754இல் தோன்றிய அந்தக் கழகத்துக்குக்கூட மைதானம் சொந்தமில்லை.

நகரவாசிகள் 1946 வரை அங்கே கட்டணமின்றியே ஆடினர். இன்று வெளியூரார் கோடைகாலத்தில் ஒரு சுற்றுக்கு 300 பவுணுக்கு மேல் செலுத்த வேண்டியிருக்கிறது. இடம் பெறப் பெரும்பாலும் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டும். உள்ளூரார் குறைந்த ஆண்டுச் சந்தாவில் ஆடுகின்றனர். வெளியார் தரும் பணத்தில் ஊரார் மைதானம் பேணப்படுகிறது எனலாம். எல்லாவற்றிலும் சிறப்பு, பெரும் போட்டிகள் நிகழும் சில நாட்கள் நீங்கலாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கொல்ஃப் கிடையாது என்பதே. அன்று அது பூங்கா. குழந்தைகள் ஓடுகிறார்கள், முதியோர் நடக்கிறார்கள், நாய்களும் உலவுகின்றன.

நெசவாளியின் மகன்

இந்த மைதானத்தைப் பேணியவர்களுள் தலையாயவர் டொம் மொரிஸ். 1821இல், அதாவது முயல் போர் ஓய்ந்த ஆண்டில், அதே நகரில் பிறந்தவர். தந்தை கைத்தறி நெசவாளி. தறித்தொழில் நலிந்தபோது தபால் விநியோகித்தவர். மகன் கொல்ஃப் பந்து செய்யும் தொழிலுக்குப் பயிலுநராகச் சேர்ந்தார். அக்காலத்தில் தோலுறைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்தே பந்து செய்வர். அப்பயிலுநரே பின்னாளில் 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியப் பகிரங்கச் சுற்றுப் போட்டியை வென்றார். 1864 முதல் 1903 வரை ஓல்ட் கோர்ஸின் பராமரிப்பாளராகப் பணியாற்றினார். புல்லின் மேல் மணல் தூவி அதனைச் செழிக்கச் செய்யும் முறையை அவர் அங்கு வழக்கமாக்கினார். மனிதருக்கு ஓய்வு தேவையில்லாவிட்டாலும் நிலத்துக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது ஞாயிறு ஆட்டத்தைப் பற்றிய அவருடைய கொள்கையாகும்.

தறியோசை கேட்டு வளர்ந்த மருதமுனைப் பிள்ளைகளுக்கு இக்கதை அந்நியமாக ஒலிக்காது என்று நம்புகிறேன். நெசவாளியின் மகன் உலக வெற்றியாளனானதற்கு அவனுடைய திறமை மட்டும் காரணமன்று. வீட்டு வாசலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், நுழைவுச்சீட்டு கேட்காத ஒரு மைதானம் இருந்தது. திறமை எங்கும் பிறக்கும். அது பழகிக்கொள்ளத் தரை வேண்டும்.

காலிமுகத்திடலிலிருந்து வேலிக்குள்

பிரித்தானியர் சென்ற இடமெல்லாம் கொல்ஃபையும் கொண்டு சென்றனர். 1829இல் கல்கத்தாவில் தொடங்கிய கழகம் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றியவற்றுள் மிகப் பழையது. இலங்கையில் கொழும்பு கொல்ஃப் கழகம் 1879இல் தோன்றியது. அதன் முதல் ஆடுகளம் காலிமுகத்திடல் என்பது இன்று பலரும் அறியாத செய்தியாகும்.

காலிமுகத்திடலை உலாவிடமாகத் திருத்தியமைத்தவர் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட். 1856இல் தொடங்கிய பணி 1859இல் நிறைவுற்றது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி அதனைத் தமக்குப் பின்வரும் ஆளுநர்களின் பொறுப்பில் ஒப்படைப்பதாக அவர் கல்லில் பொறித்து வைத்தார். கடலோரம், பொது வெளி, எழுத்தில் ஓர் உறுதிமொழி: சென்ட் அன்ட்ரூஸின் அம்சங்கள் யாவும் அங்கேயும் பொருந்தியிருந்தன. ஆனால் வரலாறு வேறு திசையில் சென்றது. 1896இல் கழகம் பொரளைப் பக்கத்திலிருந்த நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு பதவியேற்ற ஆளுநர் சேர் ஜோசப் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயர் அந்த மைதானத்துக்குச் சூட்டப்பட்டது. 1928இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 'ரோயல்' என்ற அடைமொழியை வழங்கினார்.

அந்த மைதானத்துக்கும் ஒரு விசித்திரம் உண்டு. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அதன் ஊடாகவே செல்கிறது. ஒரு காலத்தில் ஒடுங்கிய பாதையிலும் பின்னர் அகலப் பாதையிலும் அலுவலக ஊழியரும் மாணவரும் நெரிசலில் தொங்கிக்கொண்டு அந்தப் புல்வெளியைக் கடந்து வந்திருக்கின்றனர். புகையிரதம் போகும் வரை ஆட்டம் நிற்கும். சென்ட் அன்ட்ரூஸில் பாதசாரிக்காக ஆட்டம் நிற்கிறது. கொழும்பில் புகையிரதத்துக்காக நிற்கிறது. ஆனால் முன்னதில் பாதசாரி அந்த நிலத்தின் உரிமையாளர்களுள் ஒருவர். பின்னதில் பயணி சாளரத்தின் வழியே பார்த்துவிட்டுப் போகிறவர்.

நுவரெலியாவில் 1889இல் தொடங்கிய கொல்ஃப் மைதானம் வேறு வகை அழகுடையது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலான உயரம், மூடுபனி, யூக்கலிப்டஸ் மரங்கள், குறுக்கிடும் ஓடைகள். மைதானத்தை ஒட்டிய பழைய மயானத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் கல்லறை உள்ளது. 1,000க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பேசப்படும் அவர், 1845இல் மின்னல் தாக்கி மாண்டார். அவருடைய கல்லறையையும் மின்னல் விடாமல் தாக்கியது என்று மலைநாட்டில் இன்றும் கதை சொல்வார்கள்.

மட்டைப் பையைச் சுமந்து செல்லும் பணியாளை ஆங்கிலத்தில் 'கெடி' என்பர். தெற்காசியா எங்கும் ஏழைப் பிள்ளைகள் மைதானத்துக்குள் நுழைந்த ஒரே வாயில் அதுவாகவே பல காலம் இருந்தது. பையைச் சுமந்தபடி ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்துக் கற்றுக்கொண்டவர்கள் பின்னர் தொழில்முறை வீரராக எழுந்ததுண்டு. தங்கராஜா, பிரபாகரன் போன்ற தமிழ்ப் பெயர்கள் இலங்கைத் தொழில்முறை வீரர் வரிசையில் இடம்பெற்று, இந்தியச் சுற்றுப் போட்டிகளிலும் ஒலித்தன. வாயில் சற்றே திறந்தாலும் உள்ளே நுழையத் திறமை காத்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அண்மைக் கால மைதானங்கள் உல்லாசப் பயணத்துறையை நம்பி எழுந்தவை. 1999இல் திறக்கப்பட்ட திகனை மைதானம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் மலைச்சரிவுகளுக்கிடையே விரிகிறது. 2016இல் அம்பாந்தோட்டையில் அமைந்தது தென்னந்தோப்பு, கைவிடப்பட்ட இரத்தினக்கல் சுரங்கங்கள், கடற்கரை மணல்மேடு ஆகிய மூவகை நிலங்களையும் ஒரே சுற்றில் கடக்கிறது. கிழக்கில் திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப்படையின் நிர்வாகத்தில் ஒரு மைதானம் இயங்குகிறது. நில அழகில் இவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் ஊர் மக்கள் கூடி, இது எங்கள் தரை என்று சொல்லும் மைதானம் இத்தீவில் ஒன்றுமில்லை.

அயல்நாட்டிலும் இதே கேள்வி அண்மையில் எழுந்தது. சென்னை கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் ஓடுபாதைக்கு நடுவே ஜிம்கானா கழகத்தின் கொல்ஃப் மைதானம் நெடுங்காலம் இயங்கிவந்தது. 2024 செப்டெம்பரில் தமிழ்நாடு அரசு அந்த 160 ஏக்கர் அரச நிலத்தின் குத்தகையை ரத்துச் செய்து கையகப்படுத்தியது. குத்தகை நிலுவை ஒரு காரணம். நெரிசல் மிகுந்த நகரத்தில் அத்தனை பெரிய பொது நிலம் சிலரின் பயன்பாட்டில் இருக்கலாமா என்ற கேள்வி மற்றொன்று. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. நியாயம் எப்பக்கம் என்பது ஒருபுறமிருக்க, 100 ஆண்டுகளுக்கு மேல் யாரும் கேளாத கேள்வி கேட்கப்பட்டது என்பதே முக்கியமாகும்.

கொல்ஃப் எப்போதும் மணல்வெளியின் நண்பன் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் கரையில், அரச பாதுகாப்புப் பெற்றிருந்த நகரும் மணல்மேடுகளின் மேல் டொனால்ட் ட்ரம்பின் நிறுவனம் 2012இல் ஒரு மைதானத்தைத் திறந்தது. மணல் நகராதபடி புல் நட்டுக் கட்டப்பட்டது. மேடுகளின் இயற்கைத் தன்மை சிதைந்துவிட்டதால் 2020இல் அப்பகுதி தன் பாதுகாப்புத் தகுதியை இழந்தது. ஆகவே கேள்வி விளையாட்டைப் பற்றியதன்று. நிலம் யாருடையது, அதன் இயல்பை மதிப்பவர் யார் என்பதே கேள்வி.

நம் கரையின் கணக்கு

இனி நம் ஊர்களுக்கு வருவோம். 1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை கல்முனைப் பிரதேசம் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. நிர்வாக எல்லைகள் மாறின. மக்கள் தொகை பெருகியது. கடற்கரை மட்டும் அகலவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடலோர வீதிகள் அடையாளம் தெரியாமல் போயின.

அதன் பின் அரசாங்கம் கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனக் கட்டடத் தடை வலயம் அறிவித்தது. ஊரின் அகலமே சில நூறு மீற்றராக இருக்கும் இடங்களில் 200 மீற்றர் என்பது ஊரின் பாதியைத் தூக்கிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். எதிர்ப்புக் கிளம்பியது, எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. மருதமுனையில் '65 மீற்றர்' என்றாலே அக்காலத்து வீட்டுத்திட்டம் ஒன்று இன்றும் நினைவுக்கு வருகிறது. மக்கள் வெளியேற வேண்டிய வெற்றிடத்தில் நாளை எவர் குடியேறுவார் என்ற ஐயம் அப்போது கிழக்குக் கரை முழுவதும் பேசப்பட்டது. அது வீண் ஐயமன்று. விற்கப்பட்ட மணல்வெளியில் முதலில் வந்து குடியேறுவது முயலாக இருக்கலாம், ஹோட்டலாகவும் இருக்கலாம்.

மணலின் இயல்பை மறந்ததற்கான விலையையும் நாம் கண்டுவிட்டோம். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்து வைக்கப்பட்டது. கரை நெடுகிலும் ஓடும் மணலோட்டத்தை அதன் அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. ஒரு பக்கத்தில் மணல் குவிந்து துறைமுக வாயிலையே அடைத்தது. மறுபக்கத்தில் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது. தென்னைகள் சாய்ந்தன, கரைவலை இழுத்த இடங்கள் நீரில் மறைந்தன. டொம் மொரிஸ் கையளவு மணலைத் தூவி ஒரு மைதானத்தை வாழவைத்தார். நாமோ கற்பாறைகளை அடுக்கி ஒரு கரையைப் பட்டினி போட்டோம்.

சட்டம் இல்லாமலில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம் கரையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையும் கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றர் வரையும் கரையோர வலயமாக வரையறுத்தது. அங்கே எதையும் கட்டுவதற்கு அனுமதி பெற வேண்டும். ஆனால் எதைக் கட்டக் கூடாது என்று சொல்லும் சட்டம் வேறு; இங்கே ஊரார் இன்னின்னதைச் செய்ய உரிமையுடையோர் என்று சொல்லும் ஆவணம் வேறு. சென்ட் அன்ட்ரூஸ் மக்களிடம் 1552 முதலே இருந்தது பின்னது. நம்மிடம் இல்லாததும் அதுவே.

நம் கரையில் என்னென்ன நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விடியலில் கரைவலை, வெயிலில் கருவாடு உலரும், மாலையில் சிறுவர் பந்தடிப்பர், பெருநாள் தினங்களில் குடும்பங்கள் மணலில் கூடும், தோணி ஏற்றி வைக்கவும் வலை பின்னவும் அதே இடம்தான். இவற்றில் ஒன்றேனும் பத்திரத்தில் எழுதப்பட்டதாக நான் கண்டதில்லை. வழக்கமாக நடப்பதால் உரிமை நிலைத்துவிடும் என்று நாம் நம்புகிறோம். வழக்கத்தை நீதிமன்றத்தில் நிறுவுவதற்குள் மேய வேண்டிய முயல்கள் மேய்ந்து முடித்துவிடும் என்பது ஸ்கொட்லாந்தின் அனுபவம்.

கல்முனையில் கொல்ஃப் மைதானம் வேண்டும் என்று வாதாடுவது என் நோக்கமன்று. வீடு கட்டவே நிலமில்லாத ஊரில் அது வேடிக்கைப் பேச்சாகிவிடும். நமக்குச் சந்தாங்கேணி மைதானமும் கடற்கரை மணலும் போதும். அவை நமக்கே இருக்க வேண்டும் என்பதே விருப்பம். அதற்குச் செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. ஒவ்வோர் ஊரின் கடற்கரையும் அளக்கப்பட்டு வரைபடமாக வேண்டும். எவ்விடத்தில் கரைவலை, எவ்விடத்தில் தோணித்துறை, எவ்விடத்தில் விளையாட்டு என்பதைப் பள்ளிவாசல் நிர்வாகிகளும் மீனவர் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும் ஒன்றாக அமர்ந்து எழுத வேண்டும். பிரதேச செயலகமும் உள்ளூராட்சி மன்றமும் அதனைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் ஒரே மணலில் அடுத்தடுத்து அமைந்திருக்கும் கரை இது. எனவே அந்தக் கூட்டத்தில் இரு சாராரும் இருத்தல் அவசியம்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் முன்னோர் வாக்கு. தனித்தனியாகப் பார்த்தால் காலில் சிக்கும் வெறுங்கொடி. திரண்டால் மணல்மேட்டையே பிடித்து நிறுத்தும். சென்ட் அன்ட்ரூஸ் நகரத்தார் கடனுக்காக விற்ற மணலை மீட்க ஏறத்தாழ 100 ஆண்டுகள் உழைத்தனர். நாம் இன்னும் விற்கவில்லை. ஆகையால் மீட்கும் பாரம் நமக்கில்லை. எழுதி வைக்கும் வேலை மட்டுமே இருக்கிறது. அதையேனும் இத்தலைமுறை செய்துவிட வேண்டும்.